அந்தத் தனி வாசிப்பு யாருடையது

என் மாமனார் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிரிக்பீல்ட்ஸில் எங்களோடுதான் இருக்கிறார். இளவயதில் விடுமுறை நாட்களில் ஸ்டூடியோவுக்குப் போய் மலாய் ராக் அண்ட் ரோல் பாட்டுகளுக்கு சாக்ஸபோன் வாசித்தவர். இசைத்தட்டு உறைகளில் பாடகியின் படம் இருக்கும், கிட்டார்க்காரர்களின் படம் இருக்கும். இவர் பெயர்கூட இருக்காது. மருமகளாக வந்து பல வருடம் கழித்துத்தான் எனக்கே தெரியவந்தது. கிள்ளானில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கடை ரேடியோவில் ஒரு பழைய பாட்டு வந்தது. "இதுல நான் இருக்கேன்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

போன வருடம், பழைய இசைத்தட்டு சேகரிக்கும் சிலர் அதே பாட்டை மறுபடி வெளியிடப்போவதாகக் கேள்விப்பட்டு என் கணவர் அவர்களுக்கு போன் செய்தார். மாமாவைத் தேடித்தான் அலைந்துகொண்டிருந்தார்களாம். வெளியீட்டுக்கு முன்பு ஒரு சின்ன விழா வைத்து அழைத்தார்கள். அந்தப் பாடகியும் கைத்தடியோடு வந்திருந்தார். மாமாவைப் பார்த்ததும் "அபாங்" என்று, அண்ணனை அழைப்பதுபோல மலாயில் அழைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார்.

பாட்டைப் போட்டார்கள். நடுவில் சாக்ஸபோன் தனியாக எழும் இடத்தில் எல்லோரும் மாமாவைப் பார்த்துக் கை தட்டினார்கள். அவர் மைக்கை வாங்கி, மலாயில் நிதானமாகச் சொன்னார். அந்த வாசிப்பு தன்னுடையது இல்லை; தான் ஊதியது பின்னணியில்தான்; தனியாக வாசித்தவர் சாலாக் செலாத்தானில் இருந்த நண்பர், அவர் இறந்துவிட்டார். பாடகி தலையாட்டினார். அவருக்கும் நினைவிருந்தது. அந்தக் கால ஸ்டூடியோவில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே மைக், நண்பரின் சத்தம் அதிகம் என்பதால் அவரைக் கதவோரம் நிற்க வைப்பார்களாம்.

காரில் வரும்போது கேட்டேன், "கொஞ்சம் வருத்தமா இருக்கா மாமா?"

"கை தட்டினப்போ நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அது அவனுக்கு வர வேண்டியது. அவனுக்காகப் பேச வேற யாரு இருக்கா?"

அடுத்த வாரம் சாலாக் செலாத்தானில் விசாரித்து நண்பரின் மகளைக் கண்டுபிடித்தோம். தையல் கடை வைத்திருக்கிறார்.

"அப்பா லோரி ஓட்டுனாருன்னுதான் தெரியும், அங்கிள். சர்ச்ல ஏதோ வாசிப்பாருன்னு அம்மா சொல்வாங்க. நான் சின்னப் பிள்ளையா இருக்கப்பவே போய்ட்டாரு."

கைபேசியில் பாட்டைப் போட்டேன். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"இந்தப் பாட்டா? எங்க கல்யாண டின்னர்ல இதுக்குத்தான் ஆடினோம்."

மாமா அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

புதிய உறையில் சாக்ஸபோன் என்ற இடத்தில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. நண்பரின் பெயர் முதலில் வர வேண்டும் என்று மாமா பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். இசைத்தட்டு வந்ததும் அந்தத் தையல் கடை அக்கா கணவரோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர்களிடம் அதைப் போட்டுக் கேட்கக் கருவி இல்லை. தனி வாசிப்பு தொடங்குமுன் நண்பர் மூச்சை இழுப்பது லேசாகக் கேட்கும் என்று மாமா சொன்னார்.

"அந்த இடத்த மட்டும் திருப்பிப் போடுங்க அங்கிள்" என்றார் அவர், ஸ்பீக்கரை ஒட்டித் தரையில் உட்கார்ந்தபடி.