இரண்டு கம்பங்களிலும் ஏறிய காலை

துறைமுகத்தில் புயல் கூண்டை ஏற்றிய பிறகும் தூத்துக்குடியின் சங்கு குளிக்கும் படகுகள் கடலுக்குப் போகின்றனவாமே, ஏனென்று பார்த்து வாரும் என்று என்னைச் சென்னையிலிருந்து அனுப்பினார்கள். யுத்தம் முடிந்த மறு வருஷம், ஐப்பசிக் கடைசி. வானிலை அலுவலகத்து நாற்காலியை விட்டு எழுந்தால் போதும் என்றிருந்த எனக்குக் கரும்பு தின்னக் கூலி கிடைத்த மாதிரி.

மாலையில் ரயிலேறினால் மறுநாள் தூத்துக்குடி. ஸ்டேஷனிலிருந்து கடற்கரை ஒரு மைல்கூட இல்லை. குதிரை வண்டிக்காரர் நாலணா கேட்பார். பேரம் பேசாதீர்கள், ஊர்க்கதை முழுவதும் அதில் அடக்கம்.

விடிந்ததும் சங்குத் துறைக்குப் போனேன். அங்கே அரசாங்கக் கொடி ஏறினால்தான் படகு கிளம்பலாம். கொடி பறந்துகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தூரத்தில் துறைமுகக் கம்பத்தில் கறுப்புக் கூண்டும் ஏறியது. எங்கள் ஆபீஸ் தந்தியின் வேலைதான். எனக்கு ஒரே பெருமை. எல்லோரும் கரையேறிவிடுவார்கள் என்று நின்றால், இன்னும் வேகமாகப் படகைத் தள்ளுகிறார்கள்!

சூசை என்ற படகுத் தலைவரை மறித்துக் கேட்டேன். “கூண்டு ஏத்தியிருக்காங்களே, தெரியலையா?”

“தெரியுதே ஐயா. இங்கன கொடி ஏறிட்டு, அங்கன கூண்டும் ஏறிட்டு. ரெண்டு கம்பத்துலயும் உத்தரவு குடுத்தாச்சு. பொறவு என்ன?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தக் கரையில் கம்பத்தில் எது ஏறினாலும் ‘போ’ என்று அர்த்தம். நாங்களோ ‘போகாதே’ என்பதை வருஷக்கணக்காக ஏற்றிக்கொண்டிருக்கிறோம்.

புயல் வருகிறது என்று விளக்கினேன். சூசை தலையைச் சொறிந்தார். “கொடி பறக்கையில நின்னா லைசென்ஸப் புடுங்கிருவாவ ஐயா. கொடி இறங்கட்டும், நிக்கேன்.” படகு போய்விட்டது. வழியனுப்ப வந்து கரையில் நின்ற அவர் மனைவி பிலோமினா என் பக்கம் திரும்பினாள். “எங்க அண்ணனும் அதுலதான் போறாவ. எப்படியாச்சும் திருப்புங்க ஐயா.”

கொடியை இறக்கும் அதிகாரம் சங்குத் துறை அதிகாரி ஒருவருக்குத்தான். அவரிடம் ஓடினேன். “கூண்டு துறைமுகத்துச் சமாசாரம் சார். எனக்கு மேலிடத்து உத்தரவு வரலையே,” என்றார். வானம் வேறு நீலமாக இருந்து என் மானத்தை வாங்கியது. காற்றழுத்தம் பற்றி ஒரு பிரசங்கமே செய்தேன். மனிதர் கொட்டாவி விட்டார். கடலில் போகும் படகுகளைக் காட்டினேன்.

“சார், தந்தி பொய்த்தால் ஒருநாள் சங்கு நஷ்டம். பலித்தால் இத்தனை பேரும் போனார்கள். எதற்கு நீங்கள் பதில் சொல்ல முடியும்?”

மீசையைத் தடவினார். “எழுதிக் குடுப்பீரா?”

“இப்பவே.”

தானே போய்க் கயிற்றை அவிழ்த்தார். கொடி இறங்க இறங்க, படகுகள் ஒவ்வொன்றாய்த் திரும்பின. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மத்தியானம் அடித்த காற்றில் அதிகாரியின் கொட்டகைக் கூரை பறந்தது. அந்தச் சந்தோஷத்தில் அவர் எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார். சாயங்காலமே துறைமுக அதிகாரியுடன் உட்கார்ந்து பேசி முடித்தோம்: இனி அங்கே கூண்டு ஏறினால், யாரையும் கேட்காமல் இங்கே கொடி இறங்கும்.

இந்தப் பக்கம் வர நினைப்பவர்கள் தை மாதம் வாருங்கள். ஐப்பசியில் வந்தால் குடையை நம்ப வேண்டாம். அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: நாம் கணக்குப் போட்டுத் தந்தி அடிப்பதோடு வேலை முடியவில்லை. அது யார் கையிலுள்ள கயிற்றை அசைக்கிறது என்று நேரில் வந்து பாருங்கள்.

கடல் அடங்கியபின் மறுபடி கொடி ஏறியது. சூசை சிரித்துக்கொண்டே படகைத் தள்ளினார். பிலோமினா இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நான் கூப்பிட்டு ஒரு நாளாச்சும் இப்படித் திரும்பியிருப்பாவளா ஐயா? வீட்டு வாசல்ல ஒரு கம்பம் நடப்போறேன்.”