வீரபாண்டியின் இடப்பக்கம்

வண்டியைக் கிளப்புமுன் வீரபாண்டி கழுத்தை முழுதாக இடப்பக்கம் திருப்பி, தரையில் கிடக்கும் அரிசியைக் கோழி பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்ப்பார். பிறகுதான் பொத்தானை அமுக்குவார். நாலு சக்கர பைக் இருமி, துப்பி, சிலிர்த்துக்கொண்டு எழும். அதற்கு அவர் வைத்த பெயர் 'கிடா'. பின்னால் கொக்கியில் மாட்டிய டிரெய்லருக்குப் பெயர் கிடையாது. "அது கிடாவோட வாலு. வாலுக்குப் போயி யாராச்சும் பேரு வப்பாகளா?" என்பார்.

அமீரகத்தில், புஜைராவிலிருந்து மலைக்குள் அரைமணி நேரம் போனால், அரபியில் வாதி என்று சொல்லும் அந்த மலையோடை வரும். மழை பெய்தால் ஆறு, மற்ற நாளெல்லாம் வெறும் கூழாங்கல். இரு கரையிலும் பேரீச்சந்தோட்டங்கள். நடுவே, யாரும் அழைக்காமலே வந்து உட்கார்ந்துகொண்ட சீமைக் கருவேலங்காடு. தோட்டத்துக் கிணறுகளை அதுதான் உறிஞ்சிக் குடிக்கிறது என்று வெட்டி அகற்றச் சொல்லிவிட்டார்கள். குத்தகை எடுத்தவர் கீழக்கரை ராஜிக். விறகெல்லாம் ரோட்டோரத்திலுள்ள அவருடைய கொட்டகைக்குப் போகும். அங்கிருந்து மந்தி என்னும் அரபு இறைச்சிச் சோறு ஆக்கும் ஹோட்டல்களுக்கும், குளிர்காலத்தில் மணலில் கூடாரம் போட்டு நெருப்பைச் சுற்றி உட்காரும் குடும்பங்களுக்கும் போகும். காட்டுக்குள்ளிருந்து கொட்டகைவரை கொண்டுவந்து சேர்ப்பது வீரபாண்டியும் அஹ்சனும்.

வீரபாண்டிக்குக் கமுதிப் பக்கம். முப்பது வருடம் கருவேலம் வெட்டியவர். மனைவி மாரியம்மாள் அதே கட்டைகளைக் கரிமூட்டத்தில் அடுக்கி, புகை தின்றவள். டாக்டர் அவள் நெஞ்சைப் படமெடுத்துப் பார்த்துவிட்டு, இனி மூட்டத்துப் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது என்றார். அதற்காகத்தான் இவர் விமானம் ஏறினார். வந்து இறங்கிய மறுநாள் வேலை இடத்தைக் காட்டினால், அதே மரம், அதே மஞ்சள் பூ, அதே முள். "நமக்கு முந்தியே இது விசா எடுத்துருச்சுய்யா" என்று எல்லாரையும் சிரிக்க வைத்தார். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை, சிரிப்பில் மும்முரமாக இருந்தார்கள்.

ஆனால் வேலை என்றால் வேலை. தடித்த அடிக்கட்டைகள் முன்னால், முள்தலைகள் பின்னால். கவைக்கம்பால் அழுத்தி, இரண்டு பெல்ட் போட்டு, மேலே குறுக்காக ஒரு கயிறு. ஏற்றத்தில் சீட்டை விட்டு எழுந்து, கிடாவின் தலைமேல் கவிழ்ந்துகொள்வார். இறக்கத்தில் உட்கார்ந்து பின்னால் சாய்வார். "எறக்கத்துல டிரெய்லரு இருக்கே, கூட்டமான பஸ்ஸுல பின்னாடி நிக்கிறவன் மாதிரி. நெட்டிக்கிட்டே வரும். எடங்குடுத்தோம், தொலைஞ்சோம்." வழியில் நிற்கும் வன்னி மரங்களைத் தொடக்கூடாது, அவை அரசாங்கத்தின் செல்லப்பிள்ளைகள். ஒவ்வொரு வன்னியைக் கடக்கும்போதும் ஹாரனை ஒரு அமுக்கு அமுக்குவார். பெரிய இடத்துப் பிள்ளைக்கு மரியாதை.

அஹ்சன் சிட்டகாங்காரர், நாற்பது வயது. வரும்போது வங்காளமும் இந்தியும் கொண்டுவந்தார். ஆறு வருடத்தில் கமுதித் தமிழ் இரண்டையும் அமுக்கிவிட்டது. முதலாளியைப் பார்த்தால் பணிவாக "என்ன மாப்ள, சோறு தின்னாச்சா?" என்று கேட்கவேண்டும் என வீரபாண்டிதான் சொல்லிக்கொடுத்தார். வாடிக்கையாளர்கள் நடுவில் அஹ்சன் கைகட்டி நின்று அதைக் கேட்டார். ராஜிக் ஒரு நிமிடம் விழித்துவிட்டு, "தின்னாச்சு மச்சான்" என்றார். உண்மை தெரிந்த பிறகும் அஹ்சன் அப்படியே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அந்தக் கோழிப் பார்வையைப் பற்றிக் கேட்டால், "அந்தப் பக்கந்தான் இந்தியா. பொண்டாட்டியப் பாத்துட்டு வண்டி எடுக்கேன், ஒனக்கென்னப்பு?" என்பார். வண்டி மேற்கே பார்த்து நிற்கும்போதும் இதையே சொல்வார். திசை தெரிந்தவர்களிடம், கழுத்துப் பிடிப்பு.

இரண்டும் பொய். போன பங்குனியில் கயிற்றை அவிழ்த்தபோது ஒரு கிளை தெறித்தது. முள் ஒன்று இடது கண்ணில் ஏறி இறங்கியது. மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றி, ஒரு மாதம் ஓட்டினார். பிறகு போய்ப் பார்த்த கண் டாக்டர், காலம் கடந்துவிட்டது, வண்டி மட்டும் ஓட்டாதீர்கள் என்று எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதம் அன்றே டீ அடுப்புக்குள் போனது. மறுநாள் பெரிய கறுப்புக் கண்ணாடியோடு வந்து, "எப்பிடி இருக்கேன்?" என்று இடுப்பில் கைவைத்து நின்றார். விசிலடித்தார்கள். முப்பது வருடம் ஊரில் வெட்டியும் ஒரு முள் கண்ணில் பட்டதில்லை. டிக்கெட் எடுத்து வந்து குத்து வாங்கியிருக்கிறார்.

அதற்கப்புறம் இடப்பக்கத்தை மனப்பாடம் செய்தார். பள்ளிக்கூடத்தில் ஒரு வாய்ப்பாட்டையும் உருப்படியாகச் சொல்லாத ஆள், இரண்டு கிலோமீட்டர் வழியில் எத்தனையாவது திருப்பத்தில் எந்தக் கல் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். அஹ்சனை மட்டும் டிரெய்லரின் வலப்பக்கமே உட்காரச் சொன்னார். "எடப்பக்கம் வில்லுப்பட்டை வீக்குடா. ஒன் தொப்பைய தாங்காது."

தை மாதத்தில் இரண்டு நாள் மழை பிடித்தது. வாதியில் வெள்ளம் வந்து, கல்லையெல்லாம் கலைத்துப் போட்டுவிட்டு வடிந்தது. அந்த மழையில்தான் மாரியம்மாள் போன் செய்தாள். "மூட்டத்துக்காரரு ஆளு பத்தலன்னு கூப்பிட்டு விட்டாரு. எம் புருசன் வெளிநாட்டுல இருக்காக, நான் எதுக்கு வாரேன்னு சொல்லிவிட்டுட்டேன்." சொல்லும்போது அவள் குரலில் இருந்த மிடுக்கை வீரபாண்டி இரண்டு நாள் அசைபோட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் வழி வேறாக இருந்தது. பாரம் வலப்பக்கம் சரிந்திருந்ததால், எடைக்கு அஹ்சன் இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தார். ஐந்தாவது திருப்பத்தில் வெள்ளம் தள்ளிவந்த அடிமரம் ஒன்று இடப்பக்கமிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. வீரபாண்டியின் மனப்பாடத்தில் அது இல்லை. டிரெய்லர் கம்பிக்கும் மரத்துக்கும் நடுவே அஹ்சனின் கை சிக்கியது. இரண்டு விரல் முறிந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டியில் அஹ்சன் கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீரபாண்டி அந்தத் துண்டின் நுனியை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"தெரியும்ணே" என்றார் அஹ்சன்.

"என்ன தெரியும்?"

"டீ கிளாஸு. லெஃப்ட்ல வச்சா தட்டி விடுறீங்க. நாலு தடவ."

"தெரிஞ்சுமாடா ஏறி ஒக்காந்த?"

அஹ்சன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டார்.

மறுநாள் காலை கொட்டகையில் ராஜிக் இருவரையும் நிறுத்தினார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் தோட்டத்துச் சொந்தக்காரரான அரபி, ஆள் எப்படி அடிபட்டான் என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எப்படி நடந்துச்சு?"

"நாந்தாம் பாய் தூங்கிட்டேன். கைய வெளிய தொங்கப் போட்டுட்டேன்" என்றார் அஹ்சன். மாப்ளையும் இல்லை, சோறும் இல்லை.

"இந்தக் கல்லு ரோட்டுல தூக்கமா?" ராஜிக் தலையைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கு உசுரு போனா நான் யாருக்குப் பதில் சொல்ல? கை ஆறட்டும். அதுக்கப்புறம் கலாஸ், வேலை முடிஞ்சது. டிக்கெட் போட்டுத் தாரேன், ஊருக்குப் போ."

அஹ்சன் தலையாட்டினார். சிட்டகாங்கில் அவருக்கும் சோற்றுக்குக் காத்திருப்பவர்கள் நாலு பேர்.

"வீரபாண்டியண்ணே, நீங்க போயி வண்டிய எடுங்க. புது ஆளு வருவான்."

வீரபாண்டி வாசல்வரை போனார். வெளியே கிடா நின்றிருந்தது. ஏறி உட்கார்ந்தால் போதும், மாரியம்மாள் மூட்டத்துக்காரருக்குச் சொன்ன பதில் பொய்யாகாமல் இருக்கும். வாசலில் ஒரு பீடி பிடிக்கும் நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். வலது உள்ளங்கையால் வலது கண்ணை இறுகப் பொத்தினார்.

"பாய், விரலக் காட்டுங்க."

"என்னண்ணே வெளாட்டு இது?"

"வெளாட்டு இல்ல. எத்தனைன்னு நான் சொல்லுதேன். காட்டுங்க."

"அண்ணே, சும்மா இரும்யா" என்றார் அஹ்சன்.

ராஜிக் சத்தமில்லாமல் ஓரடி விலகி நின்று, மூன்று விரலை உயர்த்தினார்.

வீரபாண்டி கையை எடுக்கவில்லை. ராஜிக் சற்றுமுன் நின்ற இடத்துக்குப் பின்னால் அடுக்கியிருந்த விறகைப் பார்த்து லேசாகச் சிரித்தபடி, "காட்டிட்டீங்களா பாய்?" என்று கேட்டார்.