ஞானசுந்தரியின் காடி

முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டுதான் ஞானசுந்தரி கேனைச் சாய்ப்பாள். சேலத்து கெமிக்கல் கடையில் வாங்கிய அசிட்டிக் ஆசிட். வாளித் தண்ணீரில் அது விழுந்ததும் கண் எரியும். கருக்கிய சர்க்கரை ஒரு கரண்டி விட்டுக் கலக்கினால் பழக்காடியின், அதாவது பழ வினிகரின், நிறம் வந்துவிடும். "இதுல மோந்து பாக்கறதுக்கு என்னங்க இருக்குது?" என்பாள்.

ஏற்காட்டில் ஊறுகாய் போடுகிற வீடுகளுக்கும் ஓட்டல்களுக்கும் செம்மநத்தத்து ஞானசுந்தரியைத் தெரியும். கான்வெண்ட் சமையலறையில் பழகிய கை. புருஷன் போனபின், காடி விற்றுத்தான் மகள் மரியசெல்வியை வளர்த்தாள். அப்போதெல்லாம் எஸ்டேட்டில் உதிர்ந்து கிடக்கும் பேரிக்காயை இடித்துச் சாறு எடுத்து, ஜாடியில் ஊற்றித் துணி கட்டி வைப்பாள். முதலில் அது நுரைத்துச் சாராயமாகும். பிறகு மேலே வழவழவென்று ஓர் ஆடை படரும். அதன் கீழே சாராயம் மெல்லக் காடியாக மாறும். அந்த ஆடையில் ஒரு துண்டைக் கிள்ளி அடுத்த ஜாடியில் விடுவாள்.

"கண்ணுக்குத் தெரியாத உசுருங்க. வேலையெல்லாம் அதுங்க பாத்துக்கும். நான் காவலுக்கு இருக்கறேன், அவ்வளவுதானுங்க" என்று சொல்லிச் சிரித்த காலம் அது. ஆடை கலைந்துவிடும் என்று மகளைப் பக்கத்தில் வேகமாக நடக்கக்கூட விடமாட்டாள்.

எண்பத்தெட்டில், அவள் சாராயம் போடுகிறாள் என்று யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். மதுவிலக்கு போலீஸ் வந்தபோது ஜாடிகள் நுரைத்துக்கொண்டிருந்தன.

"ஏனுங்க ஐயா, இன்னுங் கொஞ்ச நாள் போனா புளிச்சிருமுங்க. அப்ப வந்து மோந்து பாருங்க."

"அது வரைக்கும் யார் குடிக்கிறது? நீயா?" என்றார் ஏட்டு. தடி ஜாடிகள் மேல் இறங்கியது.

மூலையில் இருந்த பழைய ஜாடி ஏற்கெனவே முழுக்கப் புளித்திருந்தது. "இது காடிதானுங்க, நாக்குல வெச்சுப் பாருங்க!" என்று அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அவளை இழுத்துத் தள்ளிவிட்டு அதையும் உடைத்தார்கள். ஆடை தரையில் ஈரல் துண்டு போலக் கிடந்தது. ஜீப்பில் ஏற்றும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வழக்கு ஒன்றுமில்லாமல் போயிற்று. ஆனால் மகளுக்குப் பேசி வைத்திருந்த மாரமங்கலத்து மாப்பிள்ளை வீட்டார், "சாராயக்காரி ஊட்டுல பொண்ணெடுக்க மாட்டோம்" என்று சொல்லியனுப்பினார்கள். மரியசெல்வி திருப்பூர் பனியன் கம்பெனிக்கு பஸ் ஏறினாள். கிறிஸ்துமஸுக்கும் வருவதில்லை. ஞானசுந்தரி மறுபடி ஜாடி வாங்கவில்லை. ஆசிட் கேன்தான் வாங்கினாள்; ஏன் என்று கேட்டால் சொல்வாள்:

"அது உசுரோட இருந்துச்சு, நொம்ப வாசம் அடிச்சுது, போலீசு வந்தாங்க. இது செத்ததுங்க. ஒருத்தரும் வாரதில்லை."

போன வாரம் ஓட்டல்காரர் தங்கராஜ் வந்தார். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தார். "முன்னெல்லாம் கலங்கலா, நூலு நூலா என்னமோ மிதக்குமுங்க அக்கா. இப்பத்தான் சுத்தமா இருக்குது."

"ஆமாங்க" என்றாள் ஞானசுந்தரி. பாட்டிலின் வாயில் தக்கையை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். தக்கை இறங்கி நின்ற பிறகும், நகம் வெளுக்க, அழுத்திக்கொண்டே இருந்தாள்.