நயாகராவில் சொட்டுத் தண்ணீர் இல்லை

மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்தில் ஆயுசு முழுக்க லோரி ஓட்டிய சுகுமாறனுக்குப் பொய் சொல்ல வராது. வராத வேலையில் அவர் இறங்கியது ஒரே ஒரு முறைதான்.

மகள் மாதவி டொரோண்டோவிலிருந்து டிக்கெட் போட்டு அழைத்தபோது, மாட்டவே மாட்டேன் என்று நின்றார். மனைவி அமுதவள்ளிக்குச் சிறுநீரகம் பழுதாகி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸ். தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். நாக்கு வறண்டால் ஓர் ஐஸ்கட்டியை வாயில் அடக்கிக்கொள்வாள். அவளை விட்டுவிட்டு ஊர் சுற்றுவதா? அவளோ ரவாங்கிலிருந்து தங்கை நல்லம்மாளைத் துணைக்கு வரவழைத்து, அவர் பெட்டியையும் தானே அடுக்கிவிட்டாள்.

"போய்ட்டு வாங்க லா. நயாகராவ பாக்காம வந்துடாதீங்க," என்றாள்.

ஜனவரிக் குளிரில், மருமகனின் தொளதொளத்த கோட்டுக்குள் நடுங்கியபடி சாலையோரம் நின்று பார்த்தார். கரையெல்லாம் பனி மூடிக் கிடக்க, நடுவில் தண்ணீர் மட்டும் ஓயாமல் கொட்டியது. மனிதர் தன்னை மறந்து சிரித்துவிட்டார். மறுகணமே அமுதாவின் காய்ந்த உதடு நினைவுக்கு வந்தது. அவள் அங்கே வறண்டு கிடக்க, எனக்கென்ன இங்கே வேடிக்கை? மற்றவர்கள் அருவிக்குக் கிட்டே போக, அவர் காருக்குத் திரும்பிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அன்று அவள் போனில் கூப்பிட்டபோது, "குளிர்ல எல்லாம் உறைஞ்சு போச்சு அமுதா. சொட்டுத் தண்ணி இல்ல," என்றார்.

வீடு திரும்பினால், மாதவி அனுப்பிய வீடியோ அமுதவள்ளியின் கைப்பேசியில் ஓடிக்கொண்டிருந்தது. அருவி கொட்டுகிறது, முன்னால் சுகுமாறன் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"நீ தாகமா இருக்கறப்ப தண்ணிய பத்திப் பேச மனசு வரல," என்றார்.

அவள் கோபப்பட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"இனிமே நான் பிளேன் ஏற முடியாதுன்னு தெரிஞ்சுதானே உங்கள அனுப்பினேன்? வந்து சொல்லுவீங்க, கேக்கலாம்னு காத்துக்கிட்டு இருந்தேன். குடிக்கத்தாங்க கூடாது. கேக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லலியே." பிறகு, சின்னப் பிள்ளைபோல ஆசையாய்க் கேட்டாள்: "சாரல் மூஞ்சில அடிச்சுச்சா?"

இந்த முறை அவரால் பொய் சொல்ல முடியவில்லை.

"நான் கிட்ட போகல அமுதா."

"ஏன்?"

"உன்னைய நெனச்சுத்தான்."

அமுதவள்ளி கைப்பேசியை அணைத்தாள்.

"என்னைய நெனச்சிருந்தா கிட்ட போயிருப்பீங்க," என்றாள்.