சத்தம் போடக் கூடாத வீடு

நாளிதழில் சுற்றிய மீன் பொட்டலம் சமையலறை மேசையில் வந்து விழும். அதைப் பிரித்த கையோடு சின்னம்மாவின் குரல் எழும்பும். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசையில் கடைசி வீடு வரைக்கும் அது கேட்கும். “வவ்வால் வாங்கிட்டு வாங்கன்னு சொன்னேன். இது என்னா?” என்பார். “மீன்” என்பார் சித்தப்பா. “கெளுத்தி!” “ரெண்டும் தண்ணியிலதானே நீந்துது?” “அப்ப உங்களையும் தூக்கித் தண்ணியில போடுறேன், நீந்துங்க.” “போடு லா. ஒன் வாயிலேருந்து தப்பிச்ச மாதிரி இருக்கும்.” இப்படியே அரை மணி நேரம் ஓடும். அதற்குள் மீனும் கழுவப்பட்டிருக்கும், குழம்பும் கொதித்திருக்கும். இரண்டு பேரும் ஒரே தட்டில் கைவைக்காத குறையாக எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

எழுபதுகளின் நடுவில், தெலுக் பங்லிமா காராங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து இடைநிலைப் பள்ளியில் படிப்பதற்காக அப்பா என்னை அவருடைய தம்பி வீட்டில் கொண்டுவந்து விட்டார். முதல் வாரம் முழுக்க நான் பயந்து செத்தேன். இவர்கள் இன்றைக்குப் பிரிந்துவிடுவார்கள், நாளைக்குப் பிரிந்துவிடுவார்கள், என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். பிறகுதான் புரிந்தது, மற்ற வீடுகளில் ரேடியோ பாடுகிற மாதிரி இந்த வீட்டில் சண்டை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பேசித் தீராத ஆசையையெல்லாம் இப்படித் தீர்த்துக்கொண்டார்களோ என்னவோ. ஒன்று மட்டும் தெரியும். சித்தப்பா பட்டறையில் ஃபிட்டர், யார் பேச்சையும் கேட்காத முரட்டு ஆசாமி. என் அப்பா சொன்னாலும் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டுத் தன் இஷ்டத்துக்குச் செய்வார். அவரை ஒரு வழிக்குக் கொண்டுவர முடிந்தது சின்னம்மா தொண்டை கிழியக் கத்தினால் மட்டும்தான். அவர் சிகரெட்டை விட்டது அப்படித்தான். சின்னம்மா பெட்டியைப் பிடுங்கிச் சாக்கடையில் போட்டுவிட்டு, ஒரு சாயங்காலம் முழுக்க வாசலில் நின்று கத்தினார். மறுநாளிலிருந்து சித்தப்பா தொடவில்லை.

நான் படிப்பை முடித்து பங்சாரில் ஒரு அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. வேலையிடத்தில் வழக்கமாகச் செய்கிற உடல் பரிசோதனையின்போது, சித்தப்பாவின் நெஞ்சில் ஸ்டெத்தை வைத்த டாக்டர் அதை எடுக்கவேயில்லையாம். “என்னா டாக்டர், பாட்டு ஏதும் கேக்குதா?” என்று இவர் கேலி வேறு செய்திருக்கிறார். அங்கிருந்து எக்ஸ்ரே, பெரிய ஆஸ்பத்திரி, ஸ்கேன் என்று போய் முடிவில் ஒரு யாழ்ப்பாணத்து டாக்டர் முன்னால் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். நல்ல மனிதர். ஆங்கிலத்தில் ஆரம்பித்தவர், சின்னம்மாவின் முகத்தைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார். “அம்மா, இவருக்குப் பிறப்பிலேயே இதய வால்வு ஒண்டு சரியில்லை. மூண்டு இதழ் இருக்க வேண்டிய இடத்தில ரெண்டுதான் இருக்குது. அதோட, இதயத்திலயிருந்து மேல போற பெரிய ரத்தக் குழாயும் வீங்கிப் போய்க் கிடக்குது. ஆபரேஷன் செய்துதான் ஆக வேணும். அதுவரைக்கும் பாரம் தூக்கக் கூடாது. கோபப்படக் கூடாது. பிரஷர் ஏறினால் குழாய் வெடிக்கலாம். விளங்குதோ?”

சின்னம்மாவுக்கு விளங்கியது. கோபப்படக் கூடாது என்ற வார்த்தையைக் கேட்டதும் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். அழுகையை அடக்குகிறார் என்று அப்போது நினைத்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் சித்தப்பா எனக்கு விளக்கினார். “சைக்கிள் டியூப்புல ஒரு எடத்துல மட்டும் ரப்பர் மெலிசா இருந்து புடைச்சுக்கிட்டு நிக்கும் பாரு, அது மாதிரி. காத்து அடிச்சாலும் அடிக்காட்டாலும் எப்பனா படார்னு போயிரும்.” சொல்லிவிட்டுச் சிரித்தார். “அதுக்குப் போய் நெஞ்ச ரம்பத்தால அறுப்பாங்களாம். பொழச்சா மாத்திரை, செத்தா பொட்டலம். வேணாம் லா. இருக்கிற வரைக்கும் இருப்போம்.” முன் சீட்டில் உட்கார்ந்திருந்த சின்னம்மா திரும்பிப் பார்த்தார். பழைய சின்னம்மாவாக இருந்தால் அந்த பஸ்ஸே அதிர்ந்திருக்கும். அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் மறுபடி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த நாளிலிருந்து வீடு ஊமையாகிவிட்டது. கதவைக்கூடச் சத்தம் வராமல் சாத்தினோம். சின்னம்மா எதற்கும் “சரிங்க” என்றார். மூன்றாம் வீட்டு மலாய்க்கார அம்மா, நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுபவர், ஒருநாள் என்னை வழிமறித்து, “உங்க வீட்டுல ஆள் இல்லையா, ஊருக்குப் போயிட்டாங்களா?” என்று மலாயில் கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் கலங்கிப்போய், அன்று மாலையே ஒரு மங்கு நிறையப் பலகாரம் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவரும் கிசுகிசுத்த குரலில் பேசிவிட்டுப் போனார். சித்தப்பாவுக்கு வந்த எரிச்சலைப் பார்க்க வேண்டுமே! “எல்லாரும் ஏன் செத்த வீட்டுல பேசுற மாதிரி பேசுறீங்க? இன்னும் ஆளு உயிரோட இருக்கேன்!”

ஆபரேஷனுக்கு அவரைச் சம்மதிக்க வைக்க நாங்கள் படாத பாடில்லை. என் அப்பா தோட்டத்திலிருந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். நான் அழுதேன். எல்லோருக்கும் “பாக்கலாம் லா” என்ற ஒரே பதில். மெதுவாகச் சொன்ன எதுவும் அந்த மனிதர் காதில் ஏறியதே இல்லை. கத்தக்கூடிய ஒரே ஆள் கத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, சித்தப்பா வெளியே மருந்துக்கு நிற்கிற நேரத்தில் சின்னம்மா டாக்டரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். “டாக்டர், நான் கொஞ்சமா ஒரு சத்தம் போட்டுப் பாக்கலாங்களா?” டாக்டர் அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு சிரித்துவிட்டார். “வேண்டாம் அம்மா. ஆறுதலா இருந்து சொல்லி விளங்கப்படுத்துங்கோ.” சின்னம்மாவும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

சித்தப்பா சும்மா இருக்கவில்லை. சண்டையை வம்புக்கு இழுத்துப் பார்த்தார். ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டார். ரசம் கழுநீர் மாதிரி இருக்கிறது என்றார். “ஒங்கண்ணன் ஒரு கஞ்சப்பய” என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். ஒரு காலத்தில் அந்த ஒரு வார்த்தைக்கு இரண்டு நாள் வீடு அல்லோலகல்லோலப்படும். சின்னம்மா, “ஆமாங்க, கொஞ்சம் கஞ்சம்தான்” என்றார். கடைசியில் ஒருநாள் பாசாருக்குப் போய், கண் குழிந்து செதில் உதிர்ந்து நாற்றமடிக்கிற மீனாகப் பார்த்து வாங்கிவந்து மேசையில் போட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்தார். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டேன். சின்னம்மா பொட்டலத்தைப் பிரித்தார், பார்த்தார். புளி போட்டுக் கழுவினார், மஞ்சள் தடவினார், குழம்பு வைத்தார். வாயே திறக்கவில்லை. சித்தப்பா ஒரு வாய்கூட வைக்காமல் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். நான் பின்னாலேயே போனேன். “ஒங்க சின்னம்மா என்னைய இப்பவே போட்டோ புடிச்சு செவுத்துல மாட்டிட்டா. மாலை மட்டுந்தான் பாக்கி” என்றார். அவர் கண் கலங்கி அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன்.

இப்படி மாதக்கணக்கில் போயிற்று. தீபாவளி நெருங்கிய சமயம். மளிகைக் கடை லோரி வந்து அரிசி மூட்டையை வாசலில் இறக்கிவிட்டுப் போனது. நானும் சின்னம்மாவும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்து உள்ளே இழுக்கலாம் என்று முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தால், சித்தப்பா குனிந்து அதைத் தோளுக்கு ஏற்றிவிட்டார். வேண்டுமென்றேதான் செய்தார், சத்தியமாகச் சொல்வேன். ஏற்றிவிட்டு சின்னம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். சின்னம்மாவுக்கு முதலில் குரலே வரவில்லை. அப்புறம் வந்தது பாருங்கள்!

“கீழ எறக்குய்யா அத! எறக்கு! என்னா நெனைச்சுக்கிட்டு இருக்க நீ? நான் வாயை மூடிக்கிட்டு இருக்கேன்னா எனக்கு வாய் இல்லன்னு அர்த்தமா? பயந்துகிட்டு இருக்கேன்யா! அடுப்படியில தட்டு விழுந்தாக்கூட ஓடிவந்து உன் மூஞ்சியப் பாக்குறேன். மூச்சு வருதான்னு பாக்குறேன். ஆபரேஷன் வேணாமாம், தொரைக்கு! நீ போயிட்டா நான் யாரோடய்யா இருப்பேன்? நாளைக்கே போயி அந்த டாக்டர்கிட்ட சரின்னு சொல்ற. இல்ல, இந்த மூட்டைய நானே உன் தலையில போட்டுட்டு ஜெயிலுக்குப் போறேன்!”

வாழ்நாளில் சின்னம்மா அவரை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. அக்கம்பக்கத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. மக்சிக் ஓடிவந்து வேலியோரம் நின்றார். சித்தப்பா மூட்டையை மெதுவாக இறக்கி வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்தார். அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. “இப்பத்தான்டி வீடு மாதிரி இருக்கு” என்றார். “சரி, போறேன். அறுக்கட்டும். நீ கத்து.”

மறுவாரமே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சம்மதம் சொல்லிவிட்டு வந்தார். வரிசையில் நிறையப் பேர் காத்திருந்ததால் தீபாவளி கழித்துத்தான் நாள் கிடைத்தது. அந்தச் சில வாரங்கள் வீட்டில் பழைய கொண்டாட்டம். முறுக்குக்கு மாவு பதம் சரியில்லை என்பதிலிருந்து, ஆபரேஷனுக்கு எந்தச் சாரம் கட்டிக்கொண்டு போவது என்பது வரைக்கும் சண்டை. “அங்க போனா அவங்களே துணி குடுப்பாங்க லா” என்று அவர் சொல்ல, “குடுத்தாலும் போகும்போது மானமா போவணும்” என்று இவர் சொல்ல, கேட்டுக்கொண்டிருந்த எனக்கு இனி எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றிவிட்டது. முழுசாக நம்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சித்தப்பா கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நானும் சின்னம்மாவும் அடுப்படியில் இருந்தோம். குளித்துவிட்டு ஈரக்காலோடு கூடமெல்லாம் நடந்துவிட்டார் என்று சின்னம்மா உள்ளேயிருந்தே ஏசிக்கொண்டிருந்தார். “வீட்டைக் கூட்டித் தொடைக்கிறது ஒங்க ஆத்தாளா?” என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு, கரண்டியும் கையுமாகப் பதிலுக்குக் காத்திருந்தார். பதில் வரவில்லை. சித்தப்பா பதில் சொல்லாமல் விட்டதாகச் சரித்திரமே கிடையாது. சின்னம்மா என்னைப் பார்த்தார். நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது முதுகைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருந்தார். “என்னமோ கிழியிற மாதிரி…” என்றார். அவ்வளவுதான். ஆம்புலன்ஸ் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆபரேஷனுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

செத்த வீட்டில் சனங்களின் வாய் சும்மா இருக்குமா? “சத்தம் போடாதேன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாராம். அரிசி மூட்டைக்குப் போட்ட சத்தம் இருக்கே, அன்னைக்கே குழாய் விரிசல் விட்டிருக்கும்” என்று ஒரு தூரத்துச் சொந்தக்காரி, சின்னம்மாவின் காதில் விழும்படியே சொன்னாள். எனக்கு வந்த கோபத்தில் அவளைப் பிடித்துத் தள்ளியிருப்பேன். அவ்வளவு பெரிதாக வீங்கிய குழாய் தூக்கத்தில்கூடப் போயிருக்கலாம் என்று டாக்டரே பிறகு என்னிடம் சொன்னார். அதை அப்படியே சின்னம்மாவிடம் சொன்னேன். நீங்கள் சத்தம் போட்டதால் இல்லை, மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள் என்றேன். சின்னம்மா என்னைப் புரியாதவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “சத்தம் போட்டதுக்கா நான் அழுவுறேன்? போடாம இருந்தேனே, அதுக்குத்தான் அழுவுறேன். மொத நாளு அந்த பஸ்ஸுலேயே நான் கத்தியிருந்தா, அந்த மாசமே ஆபரேஷனுக்குப் போயிருப்பாரு. பொத்திப் பொத்தி வெச்சு நான்தான் பறிகுடுத்துட்டேன்.”

பிறகு எனக்குக் கல்யாணமாகி கிள்ளானுக்கு வந்தேன். சின்னம்மாவையும் கூடவே அழைத்துவந்துவிட்டேன். என் கணவர் சாது, சின்னம்மா எது சொன்னாலும் கேட்பவர். ஆனால் சின்னம்மா எதுவுமே சொல்வதில்லை. என் பிள்ளைகள் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினாலும் ஒரு அதட்டல் கிடையாது. எங்கள் வரிசையில் புதிதாகக் குடிவந்த ஆன்டி ஒருவர் ஒருநாள் என்னிடம், “ஒங்க சின்னம்மா மாதிரி அமைதியான ஆள நான் பாத்ததே இல்ல. தங்கம். வாயத் தொறந்து ஒரு சத்தம் இருக்கா?” என்று புகழ்ந்தார். சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

அன்றைக்குக் குழம்பில் உப்பே போடாமல் வைத்தேன். சின்னம்மா பிசைந்து பிசைந்து சாப்பிட்டார். நல்லாயிருக்கா என்றேன். நல்லாயிருக்கு என்றார். என்னால் தாங்க முடியவில்லை. “உப்பே இல்ல சின்னம்மா! தெரியலையா ஒங்களுக்கு? ஒரு வார்த்த திட்டுங்களேன். நானாச்சும் கேக்குறேன்ல!”

சின்னம்மா உருட்டிய கவளத்தைத் தட்டிலேயே வைத்தார்.

“ஒன்னையத் திட்டினா நீ அழுவ” என்றார். “அவருன்னா திருப்பித் திட்டுவாரு.”