வேப்பிலை போட்ட டயர்

வீட்டுக்காரரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் மனம் இளகிவிடுவேன் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

பாரிவாக்கத்தில் அவர் வீட்டு மாடியில் குடியிருக்கிறோம். கீழே அவரும் அவர் மனைவியும். என் மகள் இருபத்தெட்டாவது வாரத்தில், ஒரு கிலோகூட இல்லாமல் பிறந்தாள். பத்து வாரம் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தாள். வீட்டுக்கு வரும்போது மூக்கில் ஒரு குழாய், பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின். நுரையீரல் இன்னும் தேறவில்லை, புகை அறவே ஆகாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். கால் கட்டைவிரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரில் எண் தொண்ணூற்றிரண்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் நான் சாப்பிட்டேன், குளித்தேன், கண்ணை மூடினேன்.

அவள் வீட்டுக்கு வந்தபின் வந்த முதல் போகிக்கு முந்தின நாள், வீட்டுக்காரர் வாசலில் பழைய பாய், உடைந்த முறம், கிழிந்த தலையணையோடு ஒரு லாரி டயரையும் கொண்டுவந்து சாய்த்து வைத்தார். நான் இறங்கிப் போய்க் கேட்டேன். பாயைக் கொளுத்துங்கள், முறத்தைக் கொளுத்துங்கள், டயரை மட்டும் விட்டுவிடுங்கள் ஐயா என்றேன். எதிர்வீட்டுத் திண்ணையில் எப்போதும் உட்கார்ந்திருக்கும் நாலு பேர் சுற்றி நின்றார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டே எனக்குப் பதில் சொன்னார்.

"ஏழு மாசத்துல பொறந்த ஒண்ணுக்கோசரம் ஊரே போகி கொளுத்தாம குந்திகினு இருக்குமா இன்னா?"

நாலு பேரும் சிரித்தார்கள். ஒண்ணு. என் மகளுக்கு அவர் வைத்த பெயர் அது.

மறுநாள் விடிவதற்குள் டயர் எரிந்தது. ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணியைத் திணித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். புகை துணியையும் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. எண்பத்தொன்பது, எண்பத்தைந்து, எண்பது. குழந்தையின் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி ஆனது. அவளைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது அவர் வாசலில் நின்று, எனக்கு நல்லது செய்துவிட்டவர் போல, "வேப்பில போட்டுகீறேம்மா. இந்தப் பொகை கொயந்தைக்கி மருந்து" என்றார். நிஜமாகவே ஒரு கொத்து வேப்பிலையை டயரின் மேல் போட்டிருந்தார். அம்மை கண்ட வீட்டு வாசலில் செருகுகிற அதே வேப்பிலை. அது போதும், டயர் சுத்தமாகிவிடும் என்று அந்த மனிதர் நம்பினார்.

ஆறு நாள் ஆஸ்பத்திரி. திரும்பி வந்த அன்று அவர் மனைவி ஒரு தூக்கில் பொங்கல் கொடுத்தனுப்பினார். திறக்காமலே திருப்பி அனுப்பினேன். வேறு வீடு பார்க்காமல் இல்லை. அயனம்பாக்கம் வரை போய்ப் பார்த்தோம். மூக்கில் குழாயோடு குழந்தையைப் பார்த்ததும் எல்லா வீட்டுக்காரர்களுக்கும் திடீரென்று ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வரவிருந்தார்கள்.

ஆக அவர் தலைக்கு மேலேயே உட்கார்ந்து ஒரு வருடம் கறுவினேன். படியில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவர் வெள்ளை வேட்டி காயும் கொடிக்கு நேர்மேலே சொட்டச் சொட்ட மிதியடியைப் போடுவேன். அவர் இருமும் சத்தம் கேட்டால் சந்தோஷமாக இருக்கும். குழந்தைக்கு நெபுலைசர் வைக்கும் ஒவ்வொரு முறையும் மனதுக்குள் அவரைக் கூண்டில் ஏற்றினேன். கணவர் ஆவடி தொழிற்சாலையில் ஷிப்டு முடிந்து வந்து, விடும்மா, வயசானவர் என்பார். அவர்மேலும் கோபம் வரும்.

அடுத்த போகி வந்தது. வாசலில் மறுபடி டயர், மறுபடி வேப்பிலை. இந்த முறை நான் போய்க் கேட்கவில்லை. வேண்டுமென்றேதான் கேட்கவில்லை.

விடியலில் அவர் நெருப்பை மூட்டிவிட்டுக் காபி குடிக்க உள்ளே போவதை மாடியிலிருந்து பார்த்தேன். கணவர் வேலையில் இருந்தார். கரண்டு போனால் வேண்டுமே என்று வைத்திருந்த சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டரில் மூக்குக் குழாயைச் செருகி, அதைத் தோளில் மாட்டி, குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு இறங்கினேன். பண்டிகை நாளில் பிள்ளையோடு வாசற்படி ஏறி வருபவளைப் போ என்று சொல்கிற வீடில்லை அது. அவர் மனைவி வாம்மா என்றார். கூடத்தில் போய் அவர் எதிரே உட்கார்ந்தேன். ஆக்ஸிமீட்டரைக் குழந்தையின் கால் கட்டைவிரலில் மாட்டி, வயரின் மறுமுனையில் எண் தெரியும் பெட்டியை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"தொண்ணூத்திரண்டுக்குக் கீழ போனா சொல்லுங்க ஐயா."

வாசற்கதவு அகலத் திறந்திருந்தது. அதைச் சாத்தச் சொல்லி நான் கேட்கவில்லை.

தொண்ணூற்று நான்கு என்றார். காபியைக் கீழே வைத்தார். தொண்ணூற்றொன்று என்றார். எண்பத்தெட்டு என்றபோது பெட்டி கீச்சிட ஆரம்பித்தது. குழந்தையின் விலாவில் தோல் உள்ளே இழுப்பதை அவர் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிலிண்டரை நான் இன்னும் திறக்கவில்லை. திருகு என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. திருப்பியிருக்கலாம். அவர் இன்னும் ஒரு எண்ணைப் படிக்கட்டும் என்று காத்திருந்தேன். என் பிள்ளையின் மூச்சை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கணவரிடம் இதை இன்றுவரை சொல்லவில்லை.

"எம்பத்தாறு" என்றவர் பெட்டியை என் மடியில் போட்டார். எழுந்து ஓடினார். அப்போதுதான் திருகைத் திருப்பினேன்.

தொட்டித் தண்ணீரைக் குடம் குடமாக மொண்டு போகி நெருப்பின்மேல் ஊற்றினார். நல்ல நாளில் நெருப்பை அணைக்கிறாரே என்று அவர் மனைவி தலையில் கைவைத்துக்கொண்டார். தெரு கூடிவிட்டது. போன வருடம் சிரித்த நாலு பேரும் இருந்தார்கள். கரி வழியும் வேட்டியோடு உள்ளே வந்து கதவைச் சாத்தினார். மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அதைக் கேட்காமல், "இப்ப எவ்ளோ கீது?" என்றுதான் கேட்டார். தொண்ணூற்று மூன்று வந்திருந்தது. எனக்கு அழுகை வந்தது. அவர் முன் அழக்கூடாது என்று மாடிக்கு வந்து, குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

இப்போது அவளுக்குப் பகலில் குழாய் கிடையாது. ஓடுகிறாள், அவர் வேட்டியைப் பிடித்து இழுக்கிறாள். அவர் தினமும் காலையில் படிக்கட்டின் கீழே வந்து நின்று, "எவ்ளோம்மா?" என்று கேட்கிறார். தெருவில் யார் எதைக் கொளுத்தினாலும் சண்டைக்குப் போகிறார். நல்ல மனிதராகிவிட்டார் என்கிறார் கணவர்.

இன்று காலை தொண்ணூற்றேழு இருந்தது. தொண்ணூற்றொன்று என்றேன். அவர் செருப்பைக்கூட மாட்டாமல், தெருமுனையில் குப்பைக்கு யாராவது தீ வைத்திருக்கிறார்களா என்று பார்க்கப் போனார்.