பின்னாடி யாரு பாக்கப் போறா?

என்னோடு பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவர்களில் பாதிப் பேருக்குத் தலை கிடையாது. மீதிப் பேருக்குத் தலை உண்டு, கண் கிடையாது. யாரும் என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்படிப்பட்ட சகவாசத்தில் இருந்தவளைக் கொண்டுபோய்ப் பதினோரு குழந்தைகள் நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று யாராவது யோசித்திருக்க வேண்டும். முக்கியமாக நான்.

துணிக்கடையில் நிற்கும் பொம்மைகளுக்கு உடை மாட்டிவிடுவது என் வேலை. மூன்று மாடிக் கடை. தெருவைப் பார்த்த கண்ணாடிக்குப் பின்னால் ஆறு பொம்மைகள், மாடிகளில் இருபத்திரண்டு. கையைக் கழற்றுவேன், சட்டையை நுழைப்பேன், கையைத் திருப்பி மாட்டுவேன். கடைப் பெண்கள் எல்லோருக்கும் நான் ‘பொம்மைக்கா’. என் நிஜப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது, அதிலும் ஒரு எழுத்து தப்பு.

பொம்மை ஒல்லியாக இருக்கும், சட்டை தொளதொளவென்று இருக்கும். வாயில் நாலைந்து குண்டூசியைக் கவ்விக்கொண்டு, பொம்மைக்கு எதிரே நின்று, கட்டிப்பிடிக்கிற மாதிரி இரண்டு கையையும் அதன் முதுகுப் பக்கம் கொண்டுபோய், மிச்சத் துணியைக் கொத்தாகப் பிடித்து மடித்துக் குத்திவிடுவேன். பார்க்கவே மாட்டேன், கை தானாகக் குத்தும். முன்னாலிருந்து பார்த்தால் அளவெடுத்துத் தைத்த சட்டை. பின்னால் முள்ளம்பன்றி. புதிதாகச் சேர்ந்த பெண்கள் அந்தப் பக்கத்தைப் பார்த்துப் பதறினால், ஊசிக்கு நடுவிலிருந்து ஒரே பதில்தான் வரும்.

“பின்னாடி யாரு பாக்கப் போறா?”

இது கடையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வீட்டுக்கும் வந்துவிட்டது. எங்கள் வீட்டு முன்னறையைப் பார்த்தால் யாரும் மூக்கின் மேல் விரலை வைப்பார்கள். பின்னறைக் கதவைத் திறந்தால் அந்த விரலை எடுக்கவே மாட்டார்கள். அலமாரியின் முகப்பில் மடித்த துணி, அதற்குப் பின்னால் சுருட்டிய துணி. என் மேல்சட்டையின் பின்கழுத்துக் கொக்கி போய் மூன்று வருடமாகிறது, ஊக்கு வைத்துச் சமாளிக்கிறேன். என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். கண்ணாடியில் பின்பக்கத்தைப் பார்த்துப் பார்த்தே பழகிய மனுஷன். “ஒரு கொக்கி தைக்க அஞ்சு நிமிஷம் ஆகுமா?” என்பார். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும்.

எங்களுக்கு ஒரே மகள், பத்து வயது. அந்த வருடம்தான் பள்ளிக்கூடம் மாறியிருந்தாள். நாலு மாதம் யாரோடும் ஒட்டவில்லை. மத்தியானம் தனியாகச் சாப்பிடுகிறாள் என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். பிறகு ஒரு வழியாக ஒரு தோழி கிடைத்தாள். வாயைத் திறந்தால் “ஒரு சந்தேகம்” என்றுதான் அந்தப் பெண் ஆரம்பிக்கும். எங்கள் வீட்டில் அவளுக்குப் பெயரே சந்தேகம்.

சந்தேகமும் என் மகளும் சனிக்கிழமைகளில் நூலகத்துக்குப் போவார்கள். ஒரு சனிக்கிழமை கூட்டிவரப் போனேன். நூலகர் அம்மா எழுந்தே நின்றுவிட்டார்.

“நீங்கதான் பொம்மைக்காவா? உங்க கடைக்கு வந்தப்ப எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டாங்க. கைப்பொம்மை பண்ணத் தெரிஞ்ச ஆளைத் தேடி ஒரு வருஷமா அலையிறேன். பிள்ளைங்களுக்குச் சொல்லித் தரணும். மூணு சனிக்கிழமை கிளாஸ், நாலாவது வாரம் பெத்தவங்க முன்னாடி ஆட்டம். முடியாதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க.”

‘அம்மா, நான் பொம்மைக்குச் சட்டை மாட்டுகிறவள், பொம்மை செய்கிறவள் இல்லை’ என்று ஒரு வரி சொன்னால் முடிந்தது. ஆனால் என் மகளும் சந்தேகமும் பக்கத்திலேயே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைக்கு இருக்கிறது ஒரு தோழி, அவள் முன்னால் மூக்கறுபட வேண்டுமா என்று தோன்றியது.

“அதுக்கென்ன, பண்ணிடலாம்” என்றேன். கடையில் என் வாயில் எப்போதும் ஊசி இருப்பது எவ்வளவு நல்லது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

கைப்பொம்மை செய்வதற்கு ஒரு புத்தகம் அதே நூலகத்தில் இருந்தது. நான் எடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். வீட்டுக்காரரை அனுப்பினேன். அடுத்த வாரம் நூலகர் அம்மா உருகிப்போய்ச் சொன்னார்: “உங்க வீட்டுக்காரருக்கும் இதுல இவ்வளவு ஆர்வமா? குடும்பமே கலைக் குடும்பம்!” அந்தக் கலைஞர் அன்றைக்குக் காலையில்தான் தன் காலுறையில் ஒன்று காணோம் என்று கத்திவிட்டுப் போயிருந்தார். அது என் கைப்பையில் ஒத்திகைக்காக இருந்தது.

பழைய காலுறைதான் பொம்மை. முட்டை வடிவத்தில் வெட்டிய அட்டையை இரண்டாக மடித்து விரல் நுனிப் பக்கம் உள்ளே ஒட்டினால் வாய். மேலே நாலு விரல், கீழே கட்டைவிரல். பொத்தான் கண், கம்பளி நூல் முடி. முதல் நாள் நான் செய்து காட்டியதை மேசையில் ஒரு பாட்டில் மேல் கவிழ்த்து நிறுத்தி, கழுத்தைச் சரிசெய்து, நாலடி தள்ளிப் போய் நின்று பார்த்தேன். பழக்கதோஷம்.

“மிஸ், ஒரு சந்தேகம். இது எப்ப பேசும்?”

“முதல்ல நேரா நிக்கட்டும்மா. அப்புறம் பேசலாம்.”

பதினோரு குழந்தைகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. அடடா, எவ்வளவு மரியாதையான பிள்ளைகள் என்று வீட்டில் வந்து பெருமை பேசினேன்.

மூன்று வாரத்தில் பதினோரு பொம்மைகள் தயாராகின. தயாராகின என்பது என் பெருந்தன்மை. ஒன்றுக்குக் காது கன்னத்தில் இருந்தது. சந்தேகத்தின் பொம்மைக்கு ஒரு கண் நெற்றியில், இன்னொன்று தாடையில். என் மகளுடையது சிவப்புக் காலுறை. அதன் வாயிலிருந்து நாலு தீக்குச்சி பல் மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. எல்லாமே தொளதொளவென்று தொங்கின. பெற்றவர்கள் வந்து பார்த்தால் மானம் கப்பலேறிவிடும். என் மானம் போகட்டும், அது ஏற்கெனவே பாதி வழியில் இருந்தது. ‘உங்கம்மா சொல்லிக்கொடுத்த லட்சணம் இதுதானா’ என்று என் பிள்ளையை யாராவது கேட்டால்? அவள் மறுபடி தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

“பத்திரமா வச்சுத் தர்றேன்” என்று எல்லாவற்றையும் பையில் அள்ளி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். செவ்வாய்க்கிழமை எனக்கு விடுமுறை. மகள் பள்ளிக்கூடம், வீட்டுக்காரர் பஸ். பதினோரு பாட்டிலை வரிசையாக வைத்தேன், பொம்மைகளை மாட்டினேன், ஊசியை வாயில் கவ்வினேன். கண்களைப் பிய்த்து நேராகத் தைத்தேன். காதைக் காதின் இடத்துக்குக் கொண்டுவந்தேன். வாய் ஓரங்களில் இரண்டு தையல் போட்டுப் புன்னகை வரவழைத்தேன். சிவப்புப் பொம்மையின் பல்லைப் பிடுங்கிக் குப்பையில் போட்டேன். தொங்கிய துணியை முதுகில் கொத்தாகப் பிடித்து, பார்க்காமலே குத்தித் தள்ளினேன். குத்திய ஊசியை எண்ணிவைப்பது எங்கள் தொழிலில் கட்டாயம். ஒன்று விட்டுப்போனால் சட்டை வாங்குகிறவர் முதுகில் ஏறிவிடும். அறுபத்திரண்டு. தள்ளி நின்று பார்த்தேன். பதினோரு பொம்மையும் ஒரே மாதிரி அழகாகச் சிரித்தன. இதைக் கடை ஜன்னலிலேயே வைக்கலாம் என்று எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் பையைத் திறந்தேன். ஆகா ஓகோ என்று குதிப்பார்கள் என்று காத்திருந்தேன்.

“மிஸ், கை போகல.”

“மிஸ், குத்துது!”

“மிஸ், வாய் தெறக்க மாட்டேங்குது.”

சந்தேகம் தன் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “ஒரு சந்தேகம் மிஸ். இது என்னோடது இல்லையே?”

“உன்னோடதுதான் கண்ணு. கண்ணு மட்டும் கொஞ்சம் சரி பண்ணேன்.”

“என்னோடதுக்கு ஒரு கண்ணு கீழ விழுந்திருக்கும். அதைத் தேடிட்டுப் போறதுதான் மிஸ் கதையே.”

என் மகள் சிவப்புப் பொம்மையின் வாயை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, ஊசியெல்லாம் எங்க?”

“எந்த ஊசி?”

“வாயில வச்சிருந்தேனே, நாலு.”

“அது... பல்லுன்னு நெனச்சேன்டி. பிடுங்கிப் போட்டுட்டேன்.”

“பல்லு இல்ல. ஊசி.” பொம்மையை என் பக்கம் நீட்டினாள். “அது நீம்மா.”

என் பல்லை நானே பிடுங்கிக் குப்பையில் போட்டிருக்கிறேன். அப்போதும் வாய் சும்மா இருந்ததா? “முன்னாடி பாரு, எவ்வளவு அழகா இருக்கு” என்றேன்.

“நாங்க திரைக்குப் பின்னாடிதானேம்மா நிக்கிறோம்? எங்களுக்கு முன்பக்கம் தெரியவே தெரியாது. பின்பக்கத்தைப் பாத்துக்கிட்டேதான் ஆட்டணும்.”

பத்தொன்பது வருடம் வாயில் ஊசி வைத்திருந்தவளை அன்றைக்குத்தான் ஊசி குத்தியது. வெளியே நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. பெற்றவர்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். கதவருகே நூலகர் அம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது? மகளைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

“பிள்ளைங்களா, எனக்குக் கைப்பொம்மை பண்ணவே தெரியாது. நான் துணிக்கடைப் பொம்மைக்குச் சட்டை மாட்டுறவ. பொய் சொல்லிட்டேன். என் பொண்ணு மேல எந்தத் தப்பும் இல்ல.”

சந்தேகம், வாழ்க்கையில் முதல் முறையாகச் சந்தேகம் இல்லாமல் பேசினாள்.

“தெரியும் மிஸ். மொத நாளே எங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டா. எங்கம்மாவுக்கு இது தெரியாது, ஆனா ராத்திரியெல்லாம் புக்கு படிச்சுக் கத்துக்கிறாங்க, யாரும் சிரிச்சிடாதீங்கன்னு.”

“அதான் நீங்க யாரும் சிரிக்கலையா?”

“உள்ள சிரிக்கல மிஸ். வெளிய போய் சிரிச்சுக்கிட்டோம்.”

“எனக்கு மட்டும் யாரும் சொல்லலையே!” என்றார் நூலகர் அம்மா.

நான் அவள் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று துள்ளிக்கொண்டிருந்த மூன்று வாரமும் அவள் என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டுக்கும் நேரம் இல்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். செய்யத் தெரியாதே தவிர, பிரிக்க என்னை மிஞ்ச ஆள் கிடையாது. தையலை வெட்டினேன், கண்களைக் கழற்றி அந்தந்தக் குழந்தை கையிலேயே கொடுத்தேன். அதது தன் இஷ்டப்படி கோணலாக ஒட்டிக்கொண்டது. சந்தேகத்தின் கண் மறுபடி தாடைக்கு இறங்கியது. ஊசிகளை உருவி டப்பாவில் போட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். கடைசியாகச் சிவப்புப் பொம்மை. அதன் முதுகில் ஐந்து. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, அறுபது, அறுபத்தொன்று, அறுபத்திரண்டு. கணக்கு சரி.

ஆனால் விரலில் இன்னும் ஏதோ தட்டுப்பட்டது. பின்கழுத்தில், கம்பளிச் சடைக்கு அடியில். உருவப் போனேன், மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அது நீ குத்துனது இல்ல. நான் வச்சது.”

அப்போதுதான் பொம்மையைத் திருப்பினேன். நான் பார்க்காமலே குத்திய அந்தப் பக்கத்தை முதல் முறையாகப் பார்த்தேன். இடது பக்கமாகச் சாய்கிற சடை, என்னுடையது அப்படித்தான் சாயும். தோளில் ஒரு அளவு நாடா. கழுத்துக்குக் கீழே கொக்கி இல்லாத சட்டை. அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு சின்னதாக ஒரு ஊக்கு. முன்பக்கத்தில் தீக்குச்சியை அள்ளி ஒட்டிய பிள்ளை, பின்பக்கத்தை இழை இழையாகத் தைத்திருந்தாள்.

ஆட்டம் நன்றாக நடந்தது என்று சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது. இரண்டு பொம்மைக்கு மேடையிலேயே முடி கழன்றது. என் மகள் நாலு புதுத் தீக்குச்சி ஒட்டிக்கொண்டு வந்து, அந்தச் சிவப்புப் பொம்மையை ஆட்டி ஆட்டி, “பின்னாடி யாரு பாக்கப் போறா?” என்று என் குரலிலேயே கத்தினாள். கூடம் அதிர்ந்தது. எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தது கடைசி வரிசையில் ஒரு பஸ் டிரைவர். நான் திரைக்குப் பின்னால், அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஊக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவில் எப்போதும் நான் வேகமாக முன்னால் போவேன், அவள் பின்னால் வருவாள். நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து.

வீட்டுக்கு வந்ததும் கொக்கி, ஊசி, நூல் எல்லாம் எடுத்தாள். “கழட்டித் தர்றேன், தைச்சுக் குடு” என்றேன். “வேணாம், போட்டபடியே தைக்கிறேன். பொம்மை மாதிரி அசையாம நில்லும்மா” என்றாள்.

நின்றேன். ஊக்கைக் கழற்றும்போது அவள் விரல் கழுத்தில் ஜில்லென்று பட்டது. எனக்குக் கண்ணிலிருந்து கொட்டியது. அவள்தான் பின்னால் நிற்கிறாளே, முன்பக்கம் எங்கே தெரியப்போகிறது என்று துடைக்கக்கூட இல்லை.

“அழாம நில்லும்மா” என்றாள் மகள். “தோள் ஆடுது.”